மாட்டுக்கு ஊசி போட்ட பிறகு சாண எரிவாயு எரியவில்லை, மருந்துதான் காரணமா?

நொய்யல்கரை

வணக்கம். எங்களிடம் 6 கறவை மாடுகள், எல்லாம் கலப்பினம். 3 கன மீட்டர் தீனபந்து (தரைக்கடியில் கட்டும் குவிமாட வகை) சாண எரிவாயுக் கலன் ஒன்று 9 வருடமாக ஓடுகிறது, இதுவரை ஒரு நாள்கூட அடுப்பு எரியாமல் போனதில்லை. தினமும் காலையில் 75 கிலோ அளவுக்குச் சாணம், அதே அளவு தண்ணீர், கையாலேயே கட்டி உடைத்துக் கரைத்து விடுவோம். இரண்டு அடுப்பும் சேர்ந்து மூன்று மணி நேரம் தாராளமாக எரியும். வீட்டில் 5 பேருக்குச் சமையல், மாட்டுக்குத் தண்ணீர் காய்ச்சுவது எல்லாம் அதில்தான்.

மார்கழிக் கடைசியில் ஒரு மாட்டுக்கு மடிநோய் வந்தது. பாலில் திரி திரியாக வந்ததைப் பார்த்த அன்றே டாக்டரைக் கூப்பிட்டோம், ஆனாலும் அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு மாட்டுக்குப் பரவிவிட்டது. மூன்றுக்கும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, ஒவ்வொன்றுக்கும் 5 நாள். கூடவே கறந்து முடித்ததும் காம்புக்குள் ஏற்றும் டியூப் மருந்து. மாடுகள் தேறிவிட்டன, அதில் குறை இல்லை.

ஆனால் முதல் ஊசி போட்டு பத்தாவது நாளில் இருந்து கேஸ் சரியில்லை. வால்வைத் திறந்தால் காற்று வருகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது, அழுத்தமும் இருக்கிறது, தீக்குச்சியைக் காட்டினால் ஒரு மஞ்சள் நாக்கு எழுந்து அப்படியே அணைந்துவிடுகிறது. கரைசல் வெளியே வந்து விழும் வெளித்தொட்டியில் வழக்கமான வாடை இல்லை, புளித்த மோர் மாதிரி நாற்றம், மேலே வெள்ளையாக நுரை. அந்த நாட்களில் சொசைட்டிக்கு ஊற்ற முடியாத பாலைத் தரையில் கொட்ட மனசு வராமல் சாணம் கரைக்கிற தொட்டியிலேயே ஊற்றினோம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருந்து சாணத்தில் வந்து கலனைக் கெடுத்துவிட்டதா? கலனைக் காலி செய்து புதிதாக நிரப்ப வேண்டுமா? வெளியே வருகிற கரைசலைச் சின்ன வெங்காயத்துக்கு விடலாமா? வெங்காயம் நட்டு 25 நாள் ஆகிறது.

மணல்மேட்டுப் பண்ணை

தம்பி, நான் 14 வருடமாகக் கலன் வைத்திருக்கிறேன். எங்கள் மாட்டுக்கும் ஊசி போடாத வருடம் கிடையாது. ஒரு மாட்டுக்கு இரண்டு நாள் ஊசி போட்டதற்கெல்லாம் கேஸ் நின்றதே இல்லை, அடுப்பில் வித்தியாசமே தெரியாது. எனக்கென்னவோ இது பனிக்காலத்துக் கோளாறு என்றுதான் தோன்றுகிறது. மார்கழி, தையில் எங்களுக்கும் கேஸ் மூன்றில் ஒரு பங்கு குறையும், வெயிலில் வைத்த தண்ணீரில் சாணம் கரைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

கொட்டகை கழுவ பினாயிலோ பிளீச்சிங் பவுடரோ போட்டீர்களா? மாட்டுக்கு நோய் வந்தால் எல்லோரும் முதலில் செய்வது அதுதான். ஒருமுறை அந்தத் தண்ணீர் எங்கள் கலனுக்குள் போய், சரியாக ஒன்றரை மாதம் விறகு ஊதினேன். கலனை மட்டும் காலி செய்துவிடாதீர்கள், யாரையும் உள்ளே இறக்கவும் கூடாது. அந்த விஷக்காற்று ஆளை அடித்துவிடும்.

கரைசல்

நான் சாண எரிவாயுக் கலன்களில் வேலை செய்கிறவன், இதே விஷயத்தில்தான் சில வருடம் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மணல்மேட்டு அக்கா சொல்வதில் பாதி சரி. ஆறு மாட்டில் ஒன்றுக்கு இரண்டு நாள் ஊசி என்றால் மற்ற ஐந்தின் சாணத்தில் அது கரைந்து போய்விடும், கலன் தாங்கிக்கொள்ளும். குளிரில் கேஸ் குறைவதும் உண்மை. ஆனால் குளிரில் கேஸின் அளவுதான் குறையும், வருகிற கொஞ்சம் நீலமாக எரியும். இங்கே நடப்பது வேறு, காற்று நிறைய வருகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் கலனுக்குள் கரியமில வாயு ஏறி மீத்தேன் இறங்கிவிட்டது. நல்ல கலனில் மீத்தேன் 55 முதல் 65 சதவீதம் வரை இருக்கும், உங்களுடையதில் இப்போது அதற்கு ரொம்பக் கீழே இருக்க வேண்டும். புளித்த நாற்றமும் நுரையும் அதையேதான் சொல்கின்றன, கலன் புளித்துவிட்டது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், சாணத்தில் இருக்கிற நார், மாவு, கொழுப்பை ஒரு கூட்டம் பாக்டீரியா உடைக்கிறது, இன்னொரு கூட்டம் அதை அமிலமாக்குகிறது, மூன்றாவது கூட்டம் அந்தப் பெரிய அமிலங்களை அசிடிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றுகிறது, கடைசியில் வருகிறவைதான் அதை மீத்தேனாக்குகின்றன. அந்தக் கடைசிக் கூட்டம் பாக்டீரியாவே கிடையாது. ஆர்க்கியா என்ற தனி வம்சம், 1977 இல் கார்ல் ஊஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் சொல்லும் வரை அவற்றையும் பாக்டீரியா கணக்கில்தான் வைத்திருந்தார்கள். பென்சிலின் வகை மருந்து தாக்குகிற செல்சுவர்ப் பொருள் அவற்றிடம் இல்லை, அதனால் பென்சிலின் நேராக அவற்றைத் தொடாது. ஆனால் அவற்றுக்குச் சோறு போடுவது முழுக்க பாக்டீரியாதானே. சமையற்கட்டில் ஆள் விழுந்தால் பந்தியில் உட்கார்ந்தவர் இலை காலியாகத்தான் இருக்கும். அதிலும் அந்த மூன்றாவது கூட்டம் மிக மெதுவாகப் பெருகுகிற இனம், அடிபட்டால் எழுந்திருக்க வாரக்கணக்கில் ஆகும். அது படுத்ததும் அமிலம் தேங்குகிறது, புளிப்பு ஏறினதும் மீத்தேன் கூட்டமும் கையைக் கட்டிக்கொள்கிறது.

இப்போது உங்கள் மருந்துக் கணக்கு. 400 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 4 கிராம் ஆக்சிடெட்ராசைக்ளின், 5 நாளில் 20 கிராம், மூன்று மாட்டுக்கும் 60 கிராம். இந்த மருந்தின் பெரும்பகுதி உருமாறாமலேயே மூத்திரத்திலும் சாணத்திலும் வெளியே வருகிறது. பாதிதான் கலனுக்குப் போனது என்றாலும் 30 கிராம். தமிழ்நாட்டு வெப்பத்துக்கு 30 நாள் தங்கும்படிதான் கலன் கட்டுவார்கள், ஒரு நாள் கரைசல் 150 லிட்டர் என்றால் உள்ளே சுமார் 4,500 லிட்டர். லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. இது சின்ன அளவு இல்லை. 2006 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் இதே மருந்தை 5 நாள் கன்றுகளுக்குக் கொடுத்து அவற்றின் சாணத்தைக் கலனில் வைத்தார்கள். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 10 மில்லிகிராம் இருந்தபோது எரிவாயு 27 சதவீதம் குறைந்தது. 64 நாள் கழித்துப் பார்த்தபோதும் மருந்தில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படியே இருந்தது.

ஆனால் கவனியுங்கள், அங்கே கால் பங்குதான் குறைந்தது. உங்களுக்கு அடுப்பே எரியவில்லை. அதனால்தான் எனக்கு அந்தப் பால் மேல் சந்தேகம். எத்தனை லிட்டர், எத்தனை நாள் ஊற்றினீர்கள்? கொட்டகை மூத்திரமும் அதே தொட்டிக்கு வருகிறதா? மருந்துக் கடையில் பிஎச் தாள் (புளிப்பைக் காட்டும் தாள், எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) கிடைத்தால் வெளித்தொட்டிக் கரைசலில் நனைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை

பினாயில், பிளீச்சிங் எதுவும் போடவில்லை அக்கா, டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மூத்திர வாய்க்கால் நேராகக் கலனுக்குத்தான் போகிறது. பால் மூன்று மாட்டுக்கும் சேர்த்து நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாது, 8 நாள் ஊற்றியிருக்கிறோம். தாளில் பார்த்தேன், 5.5க்கும் 6க்கும் நடுவில் காட்டுகிறது. பாலும் மாட்டிலிருந்து வருவதுதானே, சாணத்தோடு சேர்ந்தால் கேஸ் கூடும் என்றே நினைத்தோம்.

கரைசல்

அப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. நீங்கள் நினைத்ததில் முழுத் தப்பு இல்லை, பாலில் இருந்து கேஸ் நிறைய வரும். ஆனால் சாணம் மாடு ஏற்கெனவே செரித்துத் தள்ளின மிச்சம், நார் நாராக மெதுவாகத்தான் உடையும். பாலின் சர்க்கரை ஒரே நாளில் அமிலமாகிவிடும். 25 லிட்டரில் 3 கிலோ திடப்பொருள், அத்தனையும் சட்டென்று உடைகிறது, அதோடு அதன் கொழுப்பு உடைந்து வரும் நீண்ட அமிலங்கள் மீத்தேன் கூட்டத்துக்கே ஆகாது. நல்ல நிலையில் இருக்கும் கலனே இதைத் திடீரென்று கொடுத்தால் திணறும். நீங்கள் கொடுத்த நேரத்தில் அமிலத்தைத் தின்கிற கூட்டம் மருந்தில் தள்ளாடிக்கொண்டிருந்தது. போதாததற்கு மருந்தும் அந்தப் பாலிலேயே இருந்தது. ஊசி மருந்து சாணத்தில் நீர்த்துத்தான் வரும், காம்பில் ஏற்றின டியூப் மருந்து அடுத்த சில கறவையிலேயே பாலோடு கெட்டியாக வந்துவிடும். அதைக் கலனில் ஊற்றுவது கலனுக்கே டியூப் போட்ட மாதிரி.

இனி செய்ய வேண்டியது. சாணம் போடுவதை ஒரு வாரம் பத்து நாளாவது முழுதாக நிறுத்துங்கள், மூத்திர வாய்க்காலையும் வேறு பக்கம் திருப்புங்கள். உள்ளே இருக்கும் கேஸை அடுப்பு வழியாக விடாமல் வெளியில் குழாய் கழற்றி, பக்கத்தில் பீடி, தீ எதுவும் இல்லாமல் விட்டுவிடுங்கள். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தினமும் ஒரு கிலோ வீதம் ஊற்றி, தாளில் 6.8க்கு மேல் வந்ததும் நிறுத்துங்கள். சுண்ணாம்பும் போடலாம், ஆனால் அளவு கூடிவிட்டால் பிஎச் தேவைக்கு மேல் ஏறிவிடும், பழக்கமில்லாதவர்களுக்குச் சோடாதான் நல்லது. பிறகு நன்றாக ஓடுகிற வேறொரு கலனின் கரைசல் கிடைத்தால் கொண்டுவந்து விடுங்கள். தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான், உறை நல்லதாக இருந்தால் சீக்கிரம் பிடிக்கும். ஊசி போடாத மூன்று மாட்டின் சாணத்தை மட்டும் 15 கிலோவில் ஆரம்பித்து வாரம் வாரம் ஏற்றுங்கள்.

வெள்ளாமைக் கால்நடை

கால்நடை மருத்துவராக இருக்கிறேன், இதில் என் பங்குக்குச் சில விஷயம்.

முதலில், இதைப் படித்துவிட்டு யாரும் மாடு தேறிவிட்டது என்று மூன்றாம் நாளே ஊசியை நிறுத்திவிடாதீர்கள். பாதியில் நிறுத்தினால் கிருமி மடியிலேயே தங்கி மறுபடியும் வரும், அப்போது இதைவிடக் கூடுதல் மருந்து போட வேண்டியிருக்கும், அதுவும் சாணத்தில்தான் போகும். கலனைக் காப்பாற்ற வழி சாணத்தைப் பிரிப்பதுதான், மருந்தைக் குறைப்பது அல்ல.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பென்சிலின், செஃப்ட்ரியாக்சோன் வகைகள் சாணக் கரைசலில் சில நாளில் உடைந்துபோகும். டெட்ராசைக்ளின் வகை, உங்கள் மாட்டுக்குப் போட்டதும் அதுதான், சாணத்தின் திடப்பொருளோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். என்ரோஃப்ளாக்சசின் அதற்கும் மேலே, அது உடலிலேயே ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாக மாறி வெளியே வரும், அதுவும் மருந்துதான். அதனால் டாக்டர் எழுதின சீட்டைத் தூக்கிப் போடாமல் கொட்டகையிலேயே ஒரு ஆணியில் மாட்டி வையுங்கள், எந்த மாடு, எந்த மருந்து, எந்தத் தேதி என்று தெரிந்தால்தான் எந்தச் சாணத்தை எத்தனை நாள் ஒதுக்குவது என்று முடிவு செய்ய முடியும். பொதுவாக ஊசி போடுகிற நாட்களும் அதன் பிறகு ஒரு வாரம் பத்து நாளும் ஒதுக்கினால் போதும், நீண்ட நாள் வேலை செய்யும் ஊசி என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களின் பாலைக் கன்றுக்கும் நாய்க்கும் ஊற்றாதது ரொம்ப நல்ல காரியம், நிறைய பேர் கன்றுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். குறைந்த மருந்தை நாள்தோறும் குடிக்கிற கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். கிணற்றிலிருந்து தள்ளிக் குழி எடுத்து ஊற்றி மண் மூடுங்கள்.

மடிநோய் ஆரம்பத்திலேயே தெரிந்தால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்து நாடு முழுக்கப் பால் கூட்டுறவுகள் வரைக்கும் போய்ச் சேர்ந்த பூச்சு ஒன்று இருக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், மிக்சியில் அரைத்து மடியைக் கழுவிவிட்டு நாளுக்குப் பத்து தடவையாவது தடவ வேண்டும், 5 நாள். கை சலிக்கும், ஆனால் ஆரம்ப நிலையில் நன்றாகக் கேட்கிறது. காய்ச்சல் இருந்தால், மாடு தீனி எடுக்காவிட்டால் காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அப்புறம் கறந்து முடித்ததும் தீவனம் போட்டு மாட்டை அரைமணி நேரம் படுக்கவிடாமல் நிறுத்துங்கள். காம்புத் துவாரம் மூடுகிற வரை அது சாணத்தில் படாமல் இருந்தாலே மடிநோய் வருவது குறையும். மூன்று மாட்டுக்கு அடுத்தடுத்து வந்திருக்கிறது என்றால் கறக்கிற கை வழியாகப் போயிருக்கலாம், நோய் மாட்டைக் கடைசியில் கறங்கள்.

வெங்காயத்துக்கு அந்தக் கரைசலை விடாதீர்கள். புளித்த கரைசல் வேரைக் கருக்கும், அது ஒரு காரணம். இன்னொன்று, கலனில் இருந்து வருவதால் மருந்தும் மருந்துக்கு அடங்காத கிருமியும் போய்விட்டன என்று அர்த்தமில்லை. நம் கலன் உடம்புச் சூட்டைவிடக் கீழேதான் இருக்கிறது, அதில் கிருமிகள் குறையும், அழியாது. காய்ந்த சருகு, வைக்கோலோடு அடுக்கி மக்கவிட்டால் குவியலுக்குள் 55, 60 டிகிரி வரை சூடு ஏறும், அது கலனைவிட நன்றாக வேலை செய்யும். பச்சையாகச் சாப்பிடுகிற பயிருக்கு மக்கின பிறகே போடுங்கள்.

முட்டைப்பண்ணை நாமக்கல்

நடுவில் ஒரு கேள்வி. நாங்கள் கோழி எருவைக் கலனில் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். அதிலும் இதே பிரச்சினை வருமா? நாங்கள் முட்டைக்கோழிதான், பக்கத்தில் கறிக்கோழிப் பண்ணை எருவும் சும்மா கிடைக்கிறது.

கரைசல்

முட்டைக்கோழி எருவில் முதல் தலைவலி மருந்து இல்லை, அம்மோனியா. தண்ணீர் கூட்டி, மாட்டுச் சாணத்தோடு கலந்துதான் போட வேண்டும். கறிக்கோழி எரு என்றால் கேட்டுவிட்டு வாங்குங்கள். ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கத் தீவனத்திலேயே மோனென்சின், சாலினோமைசின் மாதிரி மருந்து கலப்பார்கள். மோனென்சினை அமெரிக்கா மாதிரி நாடுகளில் மாட்டுத் தீவனத்திலும் போடுகிறார்கள், வயிற்றில் மீத்தேன் குறைந்து தீவனம் மிச்சமாகிறது என்பதும் அதில் ஒரு கணக்கு. மாட்டு வயிற்றில் மீத்தேனைக் குறைக்கிற அதே பொருள் உங்கள் கலனுக்குள் போனால் என்ன செய்யும் என்று யோசியுங்கள். மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் கலன் பழகிக்கொள்வதும் உண்டு, ஒரே லோடாகப் போட்டால் படுத்துவிடும். வளர்ச்சிக்கென்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பாவில் 2006 இலேயே நிறுத்திவிட்டார்கள், நம் நாட்டில் 2019 இல் கோலிஸ்டினைத் தடை செய்தார்கள். மனிதர்களுக்கு வேறெதுவும் கேட்காதபோது கொடுக்கிற மருந்து அது, கோழிக்குத் தீவனத்தோடு போய்க்கொண்டிருந்தது.

நொய்யல்கரை

26 நாள் கழித்து எழுதுகிறேன், கேட்டவர்களுக்காக.

சாணம் போடுவதை 9 நாள் நிறுத்தினோம். சோடா மொத்தம் 5 கிலோ போனது. பக்கத்து ஊரில் நன்றாக ஓடுகிற ஒரு கலனிலிருந்து 20 லிட்டர் கேனில் 15 கேன் கரைசல் கொண்டுவந்தோம், அவர்கள் மாட்டுக்கு இந்தப் பக்கம் எதுவும் ஊசி போடவில்லை என்று கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். 12ஆம் நாள் தாளில் 6.5, 17ஆம் நாள் 6.8. பத்தொன்பதாம் நாள் காலையில் தீக்குச்சி காட்டினேன், அடியில் மட்டும் நீலம், நுனி மஞ்சள், ஆனால் அணையவில்லை. அம்மா ஓடிவந்து பால் பாத்திரத்தை வைத்துவிட்டார், பொங்குவதற்குக் கால்மணி நேரம் ஆனது. இன்று ஒரு அடுப்பு ஒரு மணி நேரம் முழு நீலமாக எரிகிறது. சாணம் 35 கிலோ வரைக்கும் ஏற்றியிருக்கிறேன். மோர் நாற்றம் போய்விட்டது.

டாக்டர் சொன்னபடி வேப்பமரத்தடியில் தனியாக ஒரு மக்குக்குழி எடுத்தாயிற்று, ஊசி போட்ட மாட்டுச் சாணம் இனி அதில்தான். மூத்திர வாய்க்காலில் ஒரு பலகை வைத்திருக்கிறேன், தூக்கினால் கலனுக்கு, இறக்கினால் குழிக்கு. சீட்டும் ஆணியில் தொங்குகிறது. ஒரே ஒரு சந்தேகம், அந்தக் குழியில் கையை விட்டால் சூடே தெரியவில்லை.

மணல்மேட்டுப் பண்ணை

நான் பனி என்று சொன்னது தப்பாகிவிட்டது தம்பி, இத்தனை பால் போனது எனக்குத் தோன்றவில்லை. குழி சூடாகவில்லை என்றால் சாணம் அதிகம், சருகு குறைவு, உள்ளே காற்றுப் போகவில்லை. குழியில் கிடப்பதை மேலே எடுத்து இடுப்பு உயரத்துக்குக் குவியலாகப் போடுங்கள், ஒரு கூடை சாணத்துக்கு இரண்டு கூடை காய்ந்த சருகாவது வேண்டும். மூன்றாம் நாள் ஒரு கம்பியைச் சொருகி வைத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்காத சூடு இருந்தால் சரி. வாரம் ஒருமுறை புரட்டுங்கள். எங்கள் மாட்டுக்கு நேற்றுதான் ஊசி ஆரம்பித்திருக்கிறது, நானும் இன்று காலையில் இருந்து தனியாகத்தான் குவிக்கிறேன்.